முதல் புடவையை இணையத்தில் வாங்குவது: நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

புடவைக் கடையில் நம் கைதான் முதலில் வேலை செய்கிறது. விற்பனையாளர் புடவையை விரித்துப் போட்டதும் முந்தானையை இரண்டு விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறோம். தூக்கி எடை பார்க்கிறோம். தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்கிறோம். அதற்குப் பிறகே 'இதே புடவை அரக்கு நிறத்தில் இருக்கிறதா?' என்று கேட்கிறோம். இணையத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. கைப்பேசித் திரையில் முதலில் கண்ணை இழுப்பது நிறம். அது என்ன துணி, எத்தனை மீட்டர், கைத்தறியா விசைத்தறியா என்பதெல்லாம் படங்களுக்குக் கீழே, பலரும் விரித்துப் படிக்காத விவரப் பகுதியில் கிடக்கின்றன. எனக்குத் தெரிந்து முதல் புடவையை இணையத்தில் வாங்கி மனம் நொந்தவர்கள் அநேகமாக எல்லோரும் நிறத்தில் தொடங்கியவர்கள்தான். கடையில் கை செய்யும் வேலையை இங்கே கேள்விகளால் செய்துகொள்ள வேண்டும். துணி, நீளம், நெசவு, விற்பவர் ஆகிய நான்கும் தெளிவான பிறகு நிறத்துக்கு வரலாம்.

எந்தத் துணி

முதல் புடவை என்பது கட்டிப் பழகுவதற்கான புடவை. கொசுவம் மடிக்கவும், முந்தானையைத் தோளில் நிறுத்தவும், புடவையோடு படி ஏறவும் பேருந்தில் உட்காரவும் அதில்தான் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள். சொந்தத் திருமணம் அல்லது உடன்பிறந்தவர் திருமணம் என்ற காரணம் இல்லாதபோது, முதல் புடவையாகப் பட்டு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கனத்த சரிகைக் கரை போட்ட காஞ்சிபுரம் பட்டு முக்கால் கிலோவை ஒட்டி இருக்கும். சரிகை கூடினால் ஒரு கிலோவையும் தாண்டும். பழகாத கைக்கு அந்தக் கனத்தை மடித்து இடுப்பில் செருகுவது எளிதன்று. ஜார்ஜெட், ஷிஃபான் போன்றவை இதற்கு நேர் எதிரானவை. உடலோடு ஒட்டி அழகாக விழும் என்றாலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். எத்தனை ஊசி குத்தினாலும் மடிப்பு கலைந்துவிடுமோ என்ற பயம் போகாது.

பழகுவதற்கு ஏற்றது மென்மையான பருத்திப் புடவை, அல்லது பட்டும் பருத்தியும் கலந்த புடவை. சிறுமுகைப் பக்கம் நெய்யப்படும் கோவை கோரா காட்டன் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. எடை குறைவு, மடித்த மடிப்பு நிற்கும், விழாவுக்குக் கட்டினாலும் எடுப்பாக இருக்கும். வெறும் பருத்தியில் போவதென்றால் நூலின் கவுண்ட் எண்ணைக் கேளுங்கள். 60, 80, 100, 120 என்று சொல்வார்கள். எண் கூடக் கூட நூல் மெலிதாகும், துணியும் மென்மையாகும். 80, 100 கவுண்ட் புடவைகள் தொடக்கத்துக்குப் போதும். காரைக்குடிக் கண்டாங்கி தடித்த நெசவு. அதன் கட்டங்களும் அகலக் கரையும் படத்தில் மனத்தை அள்ளும். ஆனால் வந்த புதிதில் மொடமொடவென்று இருக்கும், இரண்டு மூன்று முறை நனைத்த பிறகுதான் உடலுக்கு இணங்கி வரும். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும் புடவை அது. வேலைக்குக் கட்டிப் போக நெகமம் காட்டனும் நல்லதே. மதுரைச் சுங்குடியில் மட்டும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். சௌராஷ்டிர மக்கள் வழிவழியாகச் செய்துவரும் சுங்குடி, துணியில் நூலால் சிறு சிறு முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்ப்பது. அதனால் புள்ளிகள் ஒன்றைப் போல் ஒன்று இராது. சுங்குடி என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றில் அச்சடித்த புள்ளிகளும் நிறைய உண்டு. அச்சுப் புடவை வாங்குவதில் தவறில்லை, ஆனால் முடிச்சுப் புடவையின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

துணியின் பெயரைப் படிக்கும்போது முன்னும் பின்னும் ஒட்டி வரும் சொற்களைக் கவனியுங்கள். 'ஆர்ட் சில்க்', 'செமி சில்க்', 'சில்க் பிளெண்ட்', 'லிச்சி சில்க்', 'காஞ்சிபுரம் ஸ்டைல்' என்று எழுதியிருந்தால் அது சுத்தப் பட்டு அன்று. பெரும்பாலும் பாலியெஸ்டர், அல்லது விஸ்கோஸ் போன்ற செயற்கை இழை. அவற்றையும் தெரிந்து வாங்குபவர்கள் உண்டு. விலை குறைவு, துவைப்பது சுலபம். துன்பம் வருவது பட்டு என்று நம்பி வாங்கும்போதுதான். என் அக்கா மகள் கல்லூரிப் பிரிவு விழாவுக்காக 'காஞ்சிபுரம் சாஃப்ட் சில்க்' என்ற பெயர் பார்த்து, மயில் கழுத்து நிறத்தில் மயங்கி, 1,400 ரூபாய்க்கு ஒரு புடவை வாங்கினாள். வந்த அன்றே கட்டிப் பார்த்தாள். கொசுவம் படியாமல் குடைபோல் விரிந்து நின்றது. பத்து நிமிடத்தில் முதுகெல்லாம் வியர்த்தது. அம்மா அந்தப் புடவையின் முந்தானை நுனியில் தொங்கிய குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி, எவர்சில்வர் தட்டில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். இழை சுருண்டு உருகி, கடுகளவு கறுப்பு உருண்டையாக இறுகியது. நகத்தால் நசுக்கினாலும் உடையவில்லை. பிறகு தன் பழைய முகூர்த்தப் புடவையிலிருந்து ஓர் இழை எடுத்து எரித்தார். அது முடி பொசுங்கும் வாடை வீச, கருகி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பட்டும் முடியும் புரதத்தால் ஆனவை என்பதால்தான் இரண்டுக்கும் அதே வாடை.

இந்தச் சோதனை புடவை கைக்கு வந்த பிறகு செய்வது. வாங்கும் முன் செய்யக்கூடியது எளிய கணக்கு. கச்சாப் பட்டு நூலே கிலோ பல ஆயிரம் ரூபாய். ஒரு கனத்த பட்டுப்புடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் நூலும் சரிகையும் போகிறது. அதற்கு மேல் சாயம், தறிக்கூலி, விற்பவரின் லாபம். எவ்வளவு பெரிய தள்ளுபடி என்றாலும் 1,400 ரூபாய்க்குச் சரிகை போட்ட சுத்தப் பட்டுப்புடவையைப் புதிதாக யாரும் கொடுக்க முடியாது.

பட்டுதான் வேண்டும் என்றால்

முத்திரைகள் மூன்று உண்டு; மூன்றும் வெவ்வேறு வாக்குறுதிகள். இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் ஒரு முத்திரையைப் பார்த்ததும் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த 'சில்க் மார்க்', அந்தத் துணி இயற்கைப் பட்டால் ஆனது என்று மட்டும் சொல்கிறது. சரிகையைப் பற்றியோ, கைத்தறியா விசைத்தறியா என்பதைப் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை. 2006இல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்', கையால் நெய்தது என்பதற்கான முத்திரை. புவிசார் குறியீடு ஊரைப் பற்றியது. காஞ்சிபுரம் பட்டு 2005-06இலேயே அதைப் பெற்றது. திருபுவனம் பட்டும் காரைக்குடிக் கண்டாங்கியும் 2019இல் பெற்றன. விற்பனைப் பக்கத்தில் முத்திரையின் படம் இருப்பது போதாது. உங்களுக்கு அனுப்பப்போகும் புடவையில் சில்க் மார்க் அட்டை கட்டியிருக்குமா, அதில் எண் இருக்குமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சரிகைக்குத் தனியாகக் கேள்வி வேண்டும். அசல் சரிகை, பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. காஞ்சிபுரத்தில் உள்ளே ஓடும் பட்டு நூல் சிவப்பு நிறத்தில் இருக்கும். சரிகை இழையைச் சுரண்டினால் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும். 'ஆஃப் ஃபைன்', 'டெஸ்டட்' என்று சொல்லப்படுபவை வெள்ளி குறைந்தவை அல்லது வெள்ளிக்குப் பதில் செம்பைக் கொண்டவை. பாலியெஸ்டர் சரிகை எல்லாவற்றிலும் மலிவு. சுத்தப் பட்டில் டெஸ்டட் சரிகை போட்ட புடவை நியாயமான விலையில் கிடைக்கும் நல்ல புடவைதான். சில்க் மார்க்கும் அதற்குப் பொருந்தும். ஆனால் பிற்காலத்தில் அந்தச் சரிகையை எடைக்குப் போட்டால் பணம் வரும் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

காஞ்சிபுரம் என்ற பெயருக்குப் பணம் கொடுப்பவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும்போது, தனித்தனி நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக் கருவி) ஓட்டி, கரை சேரும் இடத்தில் ஊடை இழைகளை, அதாவது குறுக்கு இழைகளை, கோர்த்து நெய்வார்கள். கரையோரம் கோபுரம் கோபுரமாகவோ பல்பல்லாகவோ வருவது இதனால்தான். மற்றொன்று பேட்னி. முந்தானைக்கு வேறு நிறப் பாவை, அதாவது நெடுக்கு இழைகளை, பழைய பாவோடு இணைக்கும் முறை இது; உடலும் முந்தானையும் சேரும் இடத்தில், விரலால் தடவினால் உணரக்கூடிய ஒரு மெல்லிய வரி தெரியும். எல்லாக் காஞ்சிபுரம் புடவையிலும் இவை இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் விற்பவர் 'கோர்வை' என்று சொல்லி விலை வைத்திருந்தால், கரை சேரும் இடத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் நெருக்கமாக எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள்.

நீளம், அகலம், ரவிக்கைத் துணி

இன்றைய வழக்கில் புடவை ஐந்தரை மீட்டர்; ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் சேர்ந்தால் 6.3 மீட்டர். 'நீளம் 6.3 மீட்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால், அது ரவிக்கைத் துணியையும் சேர்த்த அளவுதானா என்று கேளுங்கள். விலை குறைந்த விசைத்தறிப் புடவைகளில் 5.2 மீட்டர் வருவதும் உண்டு. அதில் கொசுவம் நான்கைந்தோடு நின்றுவிடும், முந்தானையும் முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிடும். அகலத்தை யாரும் கேட்பதில்லை, உயரமானவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பொதுவாக 1.15 முதல் 1.2 மீட்டர் வரை இருக்கும். ஐந்தரை அடிக்கு மேல் உயரம் உள்ளவர், குதிகால் செருப்பும் போடுபவர் என்றால், இந்த ஐந்து சென்டிமீட்டரில்தான் புடவை கணுக்காலை மூடுவதும் மூடாததும் இருக்கிறது. முழங்கை வரை கை வைத்துத் தைப்பவர்களுக்கு 80 சென்டிமீட்டர் பற்றாமல் போகலாம். தையல்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கரையைப் பொறுத்தவரை, முதல் புடவைக்கு இரண்டு அல்லது மூன்று அங்குலக் கரையே வசதி. அகலமான சரிகைக் கரை விறைப்பாக இருப்பதால் கொசுவத்தின் அடிப்பகுதி விரிந்துகொண்டு போகும்.

படத்துக்குள் பார்ப்பது

மாடல் கட்டிக்கொண்டு நிற்கும் படத்தைக் கொண்டு முடிவெடுக்காதீர்கள். அது விளக்கொளியில், மடிப்புகளை ஊசியால் நிறுத்தி எடுத்த படம். தேவையானவை வேறு: உடல், கரை, முந்தானை ஆகிய மூன்றும் தரையில் விரித்த நிலையில் ஒரே படத்தில், ரவிக்கைத் துணி தனியாக, பிறகு புடவையின் பின்பக்கம். பின்பக்கம் நிறைய சொல்லும். புட்டாக்களுக்கு (நெய்த சிறு பூக்களுக்கு) இடையே இழைகள் நீளமாகத் தொங்கினால், அவை வளையலிலும் மெட்டியிலும் மாட்டி இழுபடும். முன்பக்கம் பூவேலை, பின்பக்கம் வெறும் வெள்ளை என்றால் அது நெய்தது அன்று, அச்சு. வாடிக்கையாளர்கள் போட்ட படங்கள் இருந்தால் அவற்றையே நம்புங்கள், அதிலும் வீட்டுக்குள் சாதாரண வெளிச்சத்தில் எடுத்தவற்றை. குறைகளைச் சொல்லும் கருத்துகளில் 'சாயம் போகிறது', 'நீளம் குறைவு', 'துணி மெலிது' என்ற மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள்.

விற்பவரைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்; படங்களைப் பேசும்போதே நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கைப்பேசியும் ஒவ்வொரு விதமாக நிறத்தைக் காட்டும். பட்டிலோ, பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த இரட்டை நிறப் புடவை நிற்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும். மயில் கழுத்து நிறம் என்பதே அப்படி நீலமும் பச்சையும் கலந்து வருவதுதான். ஆகவே பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் அல்லது வாசலில் வைத்து, புடவையை மெல்ல அசைத்து எடுத்த சிறு காணொளியைக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர்கள் மறுப்பதில்லை. பெரிய வணிகத் தளங்களில் இதைக் கேட்க வழியில்லை என்பதால், அங்கே வாங்கும்போது திருப்பி அனுப்பும் வசதி உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

யாரிடம் வாங்குவது

முதல் முறையாக வாங்குபவருக்கு நான் முதலில் காட்டும் இடம் கோ-ஆப்டெக்ஸ். 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு நிறுவனம் அது, இணையத்திலும் விற்கிறது. தீபாவளிக் காலத்தில் தள்ளுபடி கிடைக்கும். கைத்தறிதானா என்ற ஐயம் அங்கே எழுவதில்லை, படங்கள் மட்டும் தனியார் தளங்களைப் போல் மினுமினுப்பாக இருக்காது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் சிலவும் நேரடியாக அனுப்புகின்றன.

சமூக ஊடகப் பக்கங்களில் விற்கும் சிறு வணிகர்கள் பலர் நெசவூர்களிலிருந்தே எடுத்து நேர்மையாக விற்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் கிடைக்கும் விவரம் பெரிய தளங்களில் கிடைக்காது. ஆனால் அதே இடத்தில் போலிப் பக்கங்களும் இருக்கின்றன. முழு முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் கேளுங்கள். பக்கம் எவ்வளவு காலமாக இயங்குகிறது, பழைய பதிவுகளின் கீழ் கருத்திட முடிகிறதா என்று பாருங்கள். கருத்துப் பகுதியை முழுவதும் அடைத்து வைத்திருக்கும் பக்கத்தில் நான் வாங்குவதில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று கியூஆர் குறியீடு அனுப்பினால் அதை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (PIN) போடாதீர்கள். பணத்தைப் பெற ரகசிய எண் எப்போதும் தேவைப்படாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

திருப்பி அனுப்பும் விதியை வாங்கும் முன்பே படியுங்கள். 'மாற்றித் தருவோம், பணம் தர மாட்டோம்', 'பார்சலைப் பிரிக்கும் காணொளி இல்லாமல் புகார் ஏற்கப்படாது', 'தள்ளுபடிப் புடவைகளைத் திரும்பப் பெறுவதில்லை' என்பவை வழக்கமாக வரும் நிபந்தனைகள். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020இன்படி ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் காட்ட வேண்டும். அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம்.

பார்சல் வந்த அன்று

விழா நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பாவது புடவை கையில் இருக்க வேண்டும். ஃபால்ஸ் (கீழ்க்கரையின் உட்புறம் வைக்கும் துணிப்பட்டை) தைத்து ஓரம் அடிக்கவும், ரவிக்கை தைத்துத் திருத்தவும் அந்த நேரம் போய்விடும். பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டு தெரியும்படி காணொளி எடுத்துக்கொண்டே, பதிவை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பிரியுங்கள். கத்தியை ஆழமாக ஓட்ட வேண்டாம். மேல் மடிப்பு கிழிந்த புடவையை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.

பிறகு பகல் வெளிச்சத்தில், இரண்டு பேராகப் பிடித்து, முந்தானையில் தொடங்கி மறுமுனை வரை சன்னலுக்கு எதிரே மெல்ல நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஓட்டை, இழை அறுந்த இடம், சாயத் திட்டு எல்லாம் வெளிச்சம் ஊடுருவும்போது தெரிந்துவிடும். அளக்க நாடா இல்லையென்றால் முழம் போடலாம்: ஐந்தரை மீட்டர் ஏறத்தாழ பன்னிரண்டு முழம், ரவிக்கைத் துணியோடு பதினான்கு. கைத்தறியில் அங்கங்கே நூல் சற்றுத் தடித்திருப்பதும், துணியை இழுத்துப் பிடித்த கம்பின் ஊசித்துளைகள் இரண்டு ஓரங்களிலும் வரிசையாக இருப்பதும் குறைகள் அல்ல. அவை கையால் நெய்ததன் அடையாளம். ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் எவ்வளவு ஒட்டுகிறது என்று பாருங்கள். அடர் சிவப்பும் கருநீலமும் முதலில் லேசாக விடும். துணி முழுவதும் நிறமேறினால் திருப்பி அனுப்புங்கள்.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், விலைச்சீட்டைக் கழற்றாமல், ஊசி குத்தாமல், சுரிதாருக்கு மேலேயே ஒரு முறை சுற்றிப் பாருங்கள். முந்தானை எவ்வளவு இறங்குகிறது, கொசுவம் எத்தனை வருகிறது, கரை தரையைத் தொடுகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகே ரவிக்கைத் துணியை வெட்டக் கொடுங்கள். வெட்டிய புடவையை யாரும் திரும்ப எடுப்பதில்லை. உள்பாவாடையைப் பருத்தியில், புடவையின் நிறத்துக்குப் பொருந்துவதாக வாங்குங்கள். சாட்டின் பாவாடையின் மேல் புடவை வழுக்கும், பழகாதவர்களுக்கு அது ஆகாது. பருத்திப் புடவை என்றால் முதல் முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்திக் கட்டுங்கள். கடைக் கஞ்சி போய்த் துணி இளகியிருக்கும், கொசுவம் கைக்குள் அடங்கி வரும்.